சிறு டிரெய்லரைத் தங்குமிடமாகத் திருத்தி அமைத்தல்

கிராமங்களில் முகாமிட்டுப் பணிபுரியும் அலுவலருக்கு, ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர் பெரிதும் பயன்படும் சாதனமாகும். பகலில் கருவிகளையும் பதிவேடுகளையும் சுமந்து வரும் அதே வண்டி, இரவில் ஒருவரோ இருவரோ படுத்துறங்கும் அறையாகவும் அமையலாம். கதவுக்கு வெளியே ஒரு மடிப்புப் பலகை, தண்ணீர்ப் பீப்பாய், கூரைக்கு மேல் நிழல், உட்சுவரில் ஒட்டுப்பலகை போன்ற திருத்தங்களை ஊர்த் தச்சரின் துணையுடன் நாமே செய்துகொள்ள இயலும். இவை எளியனவே. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை வண்டியின் எடையையோ, உள்ளே காற்று இயங்கும் வழியையோ மாற்றிவிடுகின்றன. வசதியை மட்டும் கருதி இவ்விரண்டையும் மறப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

முதலில் எடையைக் கவனிப்போம். இரு சக்கர டிரெய்லர் ஒரு நெம்புகோலைப் போன்றது. சக்கர அச்சே அதன் ஆதாரம். அச்சுக்கு முன்னால் வைக்கும் பொருள் இணைப்புக் கொக்கியைக் கீழே அழுத்தும். பின்னால் வைக்கும் பொருள் அதனை மேலே தூக்கும். சுமையேற்றிய வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மீது அழுத்த வேண்டும் என்பது பொதுவான விதி. இது மிகக் குறைந்தால், ஓரளவு வேகத்தில் செல்லும்போது டிரெய்லர் பாம்பைப்போல் இருபுறமும் நெளியத் தொடங்கும். நெளிவு முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

ஓர் உதாரணம் காண்போம். வண்டியின் எடை 440 கிலோகிராம். கொக்கியின் அழுத்தம் 60 கிலோகிராம். அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 2.5 மீட்டர் எனக் கொள்வோம். 60 கிலோகிராம் எடையுள்ள தண்ணீர்ப் பீப்பாயை அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் பொருத்தினால், கொக்கியின் அழுத்தம் 24 கிலோகிராம் குறைந்து 36 ஆகிவிடும். இப்போது மொத்த எடை 500 கிலோகிராம். ஆகவே கொக்கியின் பங்கு நூற்றுக்கு 7 மட்டுமே. அதே பீப்பாயை அச்சுக்கு நேர் மேலே தாழ்வாகப் பொருத்தினால் அழுத்தம் மாறாது. நூற்றுக்கு 12 பங்கு நிற்கும். தண்ணீர் செலவாகிக் குறையும்போதும் சமநிலை கெடாது. கைக்கு எட்டும் வசதிக்காகப் பீப்பாயைப் பின்கதவருகே வைப்பதே பலரது வழக்கம். அதற்கு இதைவிடத் தகாத இடம் வேறில்லை.

கொக்கியின் அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சமதளத்தில் டிரெய்லரைக் கிடைமட்டமாக நிறுத்துக. ஆள் எடை பார்க்கும் தராசின்மீது பலகையின் ஒரு முனையையும், ஒரு செங்கல்லின்மீது மறு முனையையும் வைக்க வேண்டும். இரு தாங்கிகளுக்கும் இடையே 3 அடி இருக்கட்டும். பலகையின் எடையால் தராசு காட்டும் அளவை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், செங்கல்லிலிருந்து 1 அடி தூரத்தில் ஒரு குட்டைக் கட்டையை நிறுத்தி அதன்மீது கொக்கியை இறக்குக. தராசில் கூடிய அளவை மூன்றால் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனை மாணவர்களுக்குச் செய்துகாட்டலாம். கரும்பலகைப் படத்தைவிட இது மனத்தில் பதியும்.

வழியில் நெளிவு ஏற்பட்டுவிட்டால், பிரேக்கை அழுந்த மிதித்தலாகாது. விசை மிதியிலிருந்து காலை எடுத்து, சக்கரத்தை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விட வேண்டும்.

இனி காற்று. உறங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமிருந்து ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. குளிர்ந்த தகரச் சுவரில் அது துளிகளாகப் படிந்து படுக்கையை நனைக்கும். குளிருக்கு அஞ்சி இடுக்குகளையெல்லாம் அடைப்பவர்கள் விடியற்காலையில் கூடுதலாகவே நனைகிறார்கள். உட்சுவரில் ஒட்டுப்பலகை பதித்து, ஒரு சுவரின் அடியிலும் எதிர்ச்சுவரின் உச்சியிலும் மூட இயலாத திறப்புகளை அமைத்து, கம்பிவலை இடுதலே தக்க வழி. வெப்பக்காற்று மேலே செல்ல, புதுக்காற்று கீழே நுழையும்.

ஆயினும் இத்திறப்புகளை நம்பி உள்ளே அடுப்பு மூட்டுதல் கூடவே கூடாது. வட இந்தியக் குளிர்காலத்தில் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியோர் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம். காரணம் கார்பன் மோனாக்சைடு வாயு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துவிடும். உறங்குபவர் விழிப்பதற்கே வாய்ப்பில்லை. சமையலுக்கு வெளிப்புற மடிப்புப் பலகையே உரிய இடம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டரும் வெளியிலேயே இருத்தல் வேண்டும். விளக்குக்கு 12 வோல்ட் பாட்டரியும் எல்.இ.டி. விளக்கும் போதும், பாட்டரியை ஒட்டியே உருகி பொருத்துக.

வெயில் மிகுந்த இடங்களில் கூரைக்கு வெள்ளை வர்ணம் பூசி, மூன்று அங்குலம் உயரத்தில் தார்ப்பாயை விரித்துக் கட்டினால், இடையே ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுசெல்லும். புறப்படுமுன் தார்ப்பாயைக் கழற்றிவிட வேண்டும்.

டிரெய்லரும் பதிவுக்கு உட்பட்ட வாகனமே. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலின் அச்சு, சட்டம், உடலமைப்பு ஆகியவற்றைத் தொடுமுன் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிக. வேலை முடிந்து முதன்முறை புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, சக்கரத் திருகுகளையும் புதிதாகப் பூட்டிய மரைகளையும் மீண்டும் இறுக்குக.