பெரியவனுக்கும் வண்டியில் ஒரு இடம்!

சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஒத்தாசைக்குப் போய் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பட்ட ஒரு அனுபவத்தை நம் வாசகிகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெளிநாட்டில் மகளோ மருமகளோ இருக்கும் தாய்மார்களுக்கு இது நிச்சயம் உதவும்.

மூத்த பேரனுக்கு மூன்று வயது. பாப்பா பிறக்கும்வரை ஸ்ட்ரோலரில் ராஜா மாதிரி உட்கார்ந்து ஊர்வலம் போனவன். பாப்பா வந்ததும் வண்டி அவளுக்குப் போய்விட்டது. "நீ பெரிய பையன்டா, ஆச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வா" என்று எல்லோருமாகச் சொல்லிவிட்டோம்.

பாப்பாவுக்கு ஒரு மாதம் ஆனபோது கடைக்குக் கிளம்பினோம். திரும்பி வரும்போது ரோட்டைக் கடக்கிறோம், பச்சை விளக்கு அணையப் போகிறது. பயல் நடு ரோட்டில், "கால் வலிக்குது ஆச்சி" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மகளுக்கோ ஆபரேஷன் செய்த வயிறு, வெயிட் தூக்கக் கூடாது. எனக்கு முழங்கால் வலி. கூடவே நடந்து வந்த ஒரு சீனத்துப் பெண்மணி அவனை அப்படியே அள்ளி நடைபாதையில் கொண்டுபோய் விட்டார். எனக்குப் படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் பேரனைச் சத்தம் போட்டேன். மகள் தடுத்தாள். "அவனைத் திட்டாதீங்கம்மா. தம்பி பிறந்தப்போ எனக்கும் மூணு வயசுதான். அவனை இடுப்பில வச்சுக்கிட்டு, என்னை முந்தானையைப் பிடிச்சு நடக்கச் சொல்வீங்க. எனக்கும் கால் வலிக்கும். சொன்னா, 'நீ பெரியவ இல்லியா'ம்பீங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக இதை மனசில் வைத்திருக்கிறாள்!

இரட்டைப் பிள்ளைகளுக்கு விற்கிற ஸ்ட்ரோலர் வாங்கலாமே என்றேன். "இவன் பாதி நேரம் ஓடத்தான் செய்வான். அந்த அகல வண்டி லிப்டிலும் கடை வாசலிலும் இடிக்கும்மா" என்றாள் மகள். மாப்பிள்ளைதான், "ஸ்ட்ரோலருக்குப் பின்னால் மாட்டுகிற சக்கரப் பலகை ஒண்ணு இருக்கு அத்தை" என்றார். பக்கி போர்டு என்கிறார்கள். சின்ன சக்கரம் வைத்த பலகை. பெரிய பிள்ளை அதில் ஏறி நின்றுகொள்ளும், நாம் வழக்கம்போல் தள்ளலாம்.

அவசரத்தில் அளவு பார்க்காமல் ஒன்றை வாங்கி வந்தார். எங்கள் ஸ்ட்ரோலர் குடை மாதிரி மடங்கும் ரகம். பின் சக்கரங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி கிடையாது. அந்தப் பலகையோ குறுக்குக் கம்பியில் மாட்டுவது! கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது முறை டேப்பும் கையுமாக, ஸ்ட்ரோலரையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போனோம். அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஸ்ட்ரோலரைக் குனிந்து பாருங்கள். குறுக்குக் கம்பி உண்டா, இல்லை பக்கத்துக் கால்களில்தான் மாட்ட வேண்டுமா? உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பலகையின் விவரத் தாளிலும், பலகை மாட்டலாமா என்று ஸ்ட்ரோலரின் புத்தகத்திலும் பாருங்கள். மாட்டக் கூடாது என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது எடை. பல பலகைகள் 20 கிலோ வரைதான் தாங்கும், சில இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மூன்று வயதுப் பிள்ளை சுமார் 14 கிலோ, ஐந்து வயதில் 18 கிலோ இருக்கும். ஆக, இரண்டு மூன்று வருஷம் உழைக்கும். நன்றாக நிற்கத் தெரியாத, இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு வேண்டாம்.

மூன்றாவது, தள்ளுகிறவர் கால். பலகை பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் முழங்காலுக்குக் கீழே 'டொக் டொக்' என்று இடிக்கும். பிள்ளையை ஏற்றிக் கடைக்குள்ளேயே நாலு தடவை நடந்து பாருங்கள். அவன் தலை கைப்பிடியில் முட்டுகிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள். உட்கார சீட் வைத்த பலகையும் உண்டு. அது தூரப் பயணத்துக்கு வசதி, ஆனால் காலை இன்னும் அதிகமாக இடிக்கும். நாங்கள் சீட் இல்லாததையே எடுத்தோம்.

நான்காவது, தேவையில்லாதபோது பலகையை மேலே தூக்கிக் கட்ட வார் இருக்க வேண்டும். சிங்கப்பூர் பஸ்களில் 2017 முதல் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்ற விடுகிறார்கள். பஸ் வந்ததும் பேரனை இறக்கி, பலகையைத் தூக்கிக் கட்டிவிடுவோம்.

வாங்கிய பிறகும் சில கண்டிப்புகள் உண்டு. முதலில் பாப்பாவுக்கு பெல்ட், பிறகு பிரேக், அதற்குப் பிறகுதான் பெரியவன் ஏற வேண்டும். இறங்கும்போதும் பிரேக் போட வேண்டும். இரண்டு கையும் வண்டியைப் பிடித்திருக்க வேண்டும், குதிக்கக் கூடாது. நடைபாதை ஓரத்தில் ஏற்ற இறக்கம் வந்தால் இறங்கிக்கொள்ள வேண்டும். எஸ்கலேட்டர் பக்கமே போகக் கூடாது, லிப்ட்தான். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள், பாரம் பின்னால் இழுத்து வண்டி சாய்ந்துவிடும்.

முதல் நாள் அவனுக்கு நம்ம ஊர் பஸ் கண்டக்டர் மாதிரி "ரைட்... ரைட்..." சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்! லிப்டில் யாரைப் பார்த்தாலும், "தங்கச்சியை நான்தான் கூட்டிட்டுப் போறேன்" என்பான். ரோட்டில் உட்காருவது நின்றது. பாப்பாவைக் கிள்ளுவதும் மெள்ள மெள்ளக் குறைந்தது.

நம் ஊர் தெருக்களில் இந்தச் சின்னச் சக்கரம் ஓடாது. அபார்ட்மெண்ட் வளாகத்திலும் சென்னை பாண்டி பஜாரில் போட்டிருக்கும் அகலமான நடைபாதை போன்ற இடத்திலும்தான் சரிப்படும். ஆனால் பலகை இல்லாத வீட்டிலும் பெரிய பிள்ளைக்குக் கால் வலிக்கத்தானே செய்யும்? "நீ பெரியவன்" என்று சொல்லும் முன்னால் அவன் வயசு என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நான் முப்பது வருஷம் லேட்.

ஊருக்குக் கிளம்பும்போது மகளிடம், "அப்போ எனக்குத் தெரியலைம்மா" என்றேன். "விடுங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.