பேதுற்றோர் காதல்

காதல் மிகுதியால் அறிவு கலங்கியோரைத் தமிழ்ப் புலவர் பலபடப் பாடினர். அறிவு கலங்கியோர் கொண்ட காதலை யான் கற்ற பழைய நூல்களில் கண்டிலேன்.

கரிகாலன் மகள் எனச் சிலப்பதிகாரம் கூறும் ஆதிமந்தியை மாணவரும் அறிவர். கணவன் ஆட்டனத்தியைக் காவிரிப் புனல் கவர்ந்து செல்ல, அவனைத் தேடி ஊர்தோறும் அலைந்தவள் அவள். அகநானூற்றின் 45ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், அவளைப்போல் தாமும் நிலைகலங்கித் திரிய நேருமோ என அஞ்சுகிறார். அத்தொகையின் 147ஆம் பாட்டிலோ, ஔவையாரின் தலைவி அந்த வெள்ளிவீதியாரையே தனக்கு உவமை ஆக்கிக்கொள்கிறாள். ஒருத்தியின் துயரம் மற்றொருத்திக்கு அளவுகோலாயிற்று! ஆயினும் இவையெல்லாம் பிரிவு விளைத்த கலக்கம். காதலுக்கு முன்னரே வந்து, மருந்தால் அடங்கி, மீண்டும் தலைதூக்கும் நோய் வேறு. அந்நோயுடையார்க்கும் அகவாழ்வு உண்டு என்பதைப் புலவர் கருதவில்லை போலும்.

புலவர் பாடாததை உலகியல் காட்டியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய பழைய நிலையம். அங்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினர். மருத்துவர் இசைந்தனர். 2022 அக்டோபர் 28ஆம் நாள் அவ்வளாகத்துக் கோயிலிலேயே திருமணம் நிகழ்ந்தது. சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் நேரில் சென்று வாழ்த்தினார். அந்நிலையத்தின் 228 ஆண்டு வரலாற்றில் இத்தகைய மணம் இதுவே முதலாவது என்றனர்.

அகப்பொருள் நூலார் 'களவு' என்றது ஊரார் அறியாமல் நிகழும் காதலை. நம்மவர் திருமணங்களில் வேறொரு களவு உண்டு. அது நோயை மறைக்கும் களவு. 'கலியாணம் செய்து வைத்தால் எல்லாம் தெளியும்' என்று சொல்லும் பெரியோர் இம்மலைநாட்டில் இன்றும் உளர். அதனினும் பெரிய தீங்கு பிறிதில்லை. உண்மை அறியாத மணமகனும், மருந்தை நிறுத்திய மணமகளும் சில திங்களிலேயே அல்லற்படுவர். பிறகு உடுக்கையோடு கோடாங்கி வருவான். அல்லது 'அங்கொடைக்கு அனுப்பு' என்ற சொல் வரும். ஓர் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரை வசைச்சொல் ஆக்கிய நாடு நம்முடையது.

கீழ்ப்பாக்கத்து இருவரிடையே அக்களவுக்கு இடமேயில்லை. ஒருவர் பட்டதை மற்றவர் அறிவர். மருந்தின் களைப்பையும் அறிவர். சட்டமும் நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கதவடைப்பதில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், 1976இல் திருத்தியபடி, மனமறிந்து இசைவு தரும் ஆற்றல் உண்டா, நோய் இல்வாழ்வுக்கும் மகப்பேற்றுக்கும் ஒவ்வாத அளவினதா என்றும் வினவுகின்றது. மணப்பந்தலில் நம் உறவினர் வினவுவதோ சீதனத்தை!

லுணுகலைக்கு அணித்தான தோட்டமொன்றிலிருந்து வந்து என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி. உயர்தர வகுப்பில் ஆதிமந்தி கதையைப் பாடம் சொன்னபோது தலைகுனிந்திருந்தாள். அன்று காரணம் எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் அவளைப் பெண்பார்க்க வந்தவர்கள், லயத்து அறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த மருந்துப் பொட்டலத்தைக் கண்டு தேநீரும் அருந்தாது திரும்பிவிட்டனர். சில காலம் சென்று பசறை பஸ்ஸுக்குக் காத்து நின்றவளைக் கண்டேன். ஆறுதலாக ஏதேனும் சொல்ல விழைந்து, சென்னைத் திருமணத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை யார், ஊர் எது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"அவங்க ரெண்டு பேரும் குளிசைய ஒளிக்காம குடிப்பாங்கதானே, சேர்?" என்றாள்.