ஒரு பிளம்பரின் செப்டம்பர் 22

இங்கிலாந்தின் வெல்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லம். நூறு வயதைத் தாண்டிய ஹாரி பேட்ச்சின் அறைக்கு எதிரே, துணிமணி வைக்கிற சின்ன அறை. ராத்திரியில் யாராவது அங்கே விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சம் இவர் அறைக்குள் பளிச்சென்று அடிக்கும். அரைத் தூக்கத்தில் கிடக்கும் தாத்தாவுக்கு அது குண்டு வெடிக்கிற வெளிச்சம்.

குண்டு வெடித்தது முதல் உலகப் போரில், 1917 செப்டம்பர் 22 இரவு, பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்முனையில். லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய ஐந்து பேரில் பேட்ச்சும் ஒருவர், வயது 19. கூடியவரை யாரையும் கொல்ல வேண்டாம், காலில் சுடுவோம் என்று ஐவரும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அன்று மூன்று பேர் சிதறிப் போனார்கள். இவர் அடிவயிற்றில் பாய்ந்த இரும்புச் சில்லை மயக்க மருந்து இல்லாமலே அறுத்தெடுத்தார்கள்.

ஊர் திரும்பியவர் பழையபடி பிளம்பர் வேலைக்குப் போனார். கல்யாணம், இரண்டு மகன்கள். இரண்டாம் உலகப் போரின்போது பாத் நகரில் தீயணைப்புப் பணி. பார்ப்பவர்களுக்குக் குறையொன்றும் தெரியாது. ஆனால் போரைப் பற்றி மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. முதல்முறை பேசியது 1998இல், பிபிசி ஆவணப்படத்துக்காக. எண்பது வருஷம்!

போர் அதிர்ச்சியால் வரும் பாதிப்புக்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயரை சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார். கைகால் நடுங்கியவர்களும் பேச்சுப் போனவர்களும் அந்தக் கணக்கில் வந்தார்கள். ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தவர்களை யார் கேட்டார்கள்? 'தாத்தா அதையெல்லாம் எப்போதோ மறந்துட்டார்' என்று வீட்டார் நிம்மதி அடைவார்களே, அந்த நிம்மதியில் எனக்கு நம்பிக்கையில்லை. போரில் இறந்தவர்களுக்கு நாடே கூடி அஞ்சலி செலுத்தும் நவம்பர் 11 பேட்ச்சுக்கு வெறும் ஆடம்பரம். அவருடைய துக்க நாள் செப்டம்பர் 22தான். அன்றைக்கு அவர் யாரோடும் சேரமாட்டார்.

2004இல், அதே போர்முனையில் ஜெர்மன் பக்கம் நின்ற ஷார்ல் குவென்ட்ஸைப் பெல்ஜியத்தில் சந்தித்தார். குவென்ட்ஸுக்கு அப்போது 107 வயது. அவர் தன் ஊர் பிஸ்கட் டப்பாவை நீட்ட, இவர் சாமர்செட் சைடர் பாட்டிலைக் கொடுத்தார். மனைவியிடம் பேச முடியாததை எதிரிப் படைக்காரரோடு பேச முடிந்திருக்கிறது. யோசித்தால் இதில் வியப்பில்லை.

2009 ஜூலை 25 அன்று, 111 வயதில் பேட்ச் காலமானார். தன் இறுதிச் சடங்கில் பெயருக்குக்கூட ஓர் ஆயுதம் இருக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். வெல்ஸ் பேராலயத்துக்கு வந்த சிப்பாய்களில் பெல்ஜியரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இருந்தார்கள். யாரும் துப்பாக்கி கொண்டுவரவில்லை.