கம்ப்யூட்டர் முழங்கால்: செயற்கைக் கால் எப்படி நடக்கிறது?

ஓசூரில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். லேத் பட்டறையில் வேலை. கிருஷ்ணகிரி சாலையில் நடந்த பைக் விபத்தில் அவரது வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அவர் மகன் இன்டர்நெட்டில் எதையோ பார்த்துச் சொல்ல, அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கம்ப்யூட்டர் வச்ச கால் வருதாமே. அதை மாட்டினா பழையபடி மெஷின் முன்னாடி நிக்கலாமா?"

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். கால் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முழங்காலுக்கு இரண்டு வேலை

நடக்கும்போது ஒரு கால் சுமார் 60 சதவீத நேரம் தரையில் ஊன்றியிருக்கும். மீதி 40 சதவீத நேரம் காற்றில் வீசி முன்னே வரும். ஊன்றும்போது முழங்கால் சட்டென்று மடங்கிவிடக் கூடாது, மடங்கினால் விழுவோம். வீசும்போது மடங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாதம் தரையில் இடறும். ஒவ்வோர் அடியிலும் நேர் எதிரான இரண்டு கட்டளைகள்!

எளிய செயற்கை முழங்கால் கதவுக் கீல் போன்றது. ஒரே அச்சு. உடல் எடை அச்சுக்குப் பின்னால் விழுந்தால் படக்கென்று மடங்கிவிடும்.

சிப் இல்லாத சாமர்த்தியம்

இதற்கு நல்ல தீர்வு, நான்கு இணைப்புத் தண்டுகள் கொண்ட முழங்கால். மடங்க மடங்க இதன் சுழல் மையம் இடம் மாறும். நிற்கும்போது மையம் பின்னால் இருப்பதால் கால் உறுதியாக நிற்கும். வீசும்போது காலின் நீளம் சற்றுக் குறைவதால் பாதம் இடறாது. ப்ரோகிராம் முழுவதும் இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது எனலாம்!

இந்த வகையில் சென்னை ஐ.ஐ.டி. 2022ல் 'கதம்' என்ற முழங்காலை அறிமுகப்படுத்தியது. பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா நிறுவனமும் இதில் பங்கேற்றது. இது 160 டிகிரி வரை மடங்கும்.

சிப் என்ன செய்கிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் கீபோர்டு தகவல் தருகிறது, ப்ராசசர் கணக்கிடுகிறது, மானிட்டர் காட்டுகிறது அல்லவா? இங்கும் அதே கதைதான். முழங்காலின் கோணத்தையும் காலில் விழும் எடையையும் சென்சார்கள் சொல்கின்றன. ப்ராசசர் முடிவெடுக்கிறது. பைக் ஷாக் அப்சார்பர் போன்ற எண்ணெய் சிலிண்டரின் வால்வு அதற்கேற்ப இறுகுகிறது அல்லது தளர்கிறது. 1997ல் ஜெர்மனியின் ஓட்டோபாக் அறிமுகப்படுத்திய சி-லெக், நொடிக்கு 50 முறை இப்படிக் கணக்கிட்டது. மாடிப்படி இறங்கும்போதும், தடுக்கி விழப்போகும்போதும் இதன் அருமை தெரியும். ஆனால் பேட்டரியை மறக்காமல் சார்ஜ் செய்ய வேண்டும்.

விலைதான் தலைசுற்ற வைக்கிறது. இறக்குமதி முழங்கால்கள் 10 லட்சம் முதல் 60 லட்சம் ரூபாய் வரை என்று இஸ்ரோ 2022ல் குறிப்பிட்டது. தானே சுமார் 1.6 கிலோ எடையில் ஒன்றை உருவாக்கி, விலை பத்தில் ஒரு பங்காகக் குறையலாம் என்றும் அறிவித்தது.

பாதமும் முக்கியம்

கார்பன் ஃபைபர் பாதம் ஸ்பிரிங் போல வளைந்து, அடியெடுக்கும்போது உந்தித் தள்ளும். 1968 வாக்கில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் வேறு வகை. ரப்பராலானது; செருப்பில்லாமலும் நடக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்றது.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

மெஷின் முன் நிற்க சிப் கட்டாயமில்லை. முதலில் தொடையில் பொருந்தும் சாக்கெட் சரியாக இருக்க வேண்டும். அது உறுத்தினால் 60 லட்ச ரூபாய் காலும் மூலையில்தான் கிடக்கும். அடுத்து, நடைப் பயிற்சி. அதற்குப் பிறகுதான் முழங்காலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் மாட்டி நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உதவித் திட்டங்களுக்கு கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

'கதம்' முழங்காலின் பின்கள் இ.என்.8 ஸ்டீலில் குரோம் பூசி செய்யப்பட்டவை என்று சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்தது. "அட, அதைத்தானே தம்பி நான் தினமும் லேத்துல கடைஞ்சேன்!"

அடுத்த வாரம் சாக்கெட் அளவெடுக்க பெங்களூர் போகிறார். நானும் உடன் போகிறேன்.