இலங்கையின் மின்சாரம்: சொந்தக் காலில் நிற்க என்ன வேண்டும்?

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அன்று மின்நிலையங்களுக்கா பஞ்சம்? இல்லை. எரிக்க எண்ணெய் இல்லை, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. மழை குறைந்து நீர்த்தேக்கங்களும் வற்றிக் கிடந்தன.

நமது மின்சாரம் எங்கிருந்துதான் வருகிறது? மகாவலி, லக்சபான நீர்மின் நிலையங்கள் மழையை நம்பியவை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் (ஒரு மெகாவாட் என்பது பத்து இலட்சம் வாட்) அனல் மின்நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. அந்த நிலக்கரி முழுவதும் கப்பலில் வருகிறது. இவை போதாதபோது டீசலும் உலை எண்ணெயும் எரிக்கிறோம். அதற்குத்தான் செலவு அதிகம்.

நிலக்கரி, டீசல், உலை எண்ணெய் என்று மூன்று இருந்தால் அதுவும் பல வழிதானே என்று கேட்பீர்கள். எண்ணிக்கையில் மூன்றுதான். ஆனால் மூன்றுக்கும் டொலர் வேண்டும், மூன்றும் கடல் தாண்டி வரவேண்டும். டொலர் தீர்ந்தால் மூன்றும் சேர்ந்தே நிற்கும். இதைத் தன்னிறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வழி அடைபடும்போது திறந்திருக்கும் இன்னொரு வழிதான் நமக்குத் தேவை. தென்மேற்குப் பருவக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலையில் நிலக்கரி இறக்க முடியாது. முன்கூட்டியே குவித்து வைக்கிறார்கள். அதே மாதங்களில்தான் மன்னாரில் காற்று பலமாக வீசும்!

அப்படியென்றால் காற்றும் வெயிலும் மட்டும் போதுமா? போதாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைக் கேலி செய்தோம். ஆனால் காரணம் அது மட்டுமல்ல. விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, கூரைச் சோலார் உற்பத்தியோ அதிகம். திடீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பெரிய சுழல் இயந்திரங்கள் அப்போது குறைவாகவே ஓடின. நுரைச்சோலையும் நின்றுபோக, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. ஆகவே சோலாரோடு சேர்த்துப் பெரிய பற்றரிகளும், மேலே ஏற்றிய நீரைத் தேவையானபோது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் வேண்டும்.

சரி, என் வீட்டுக் கூரையில் பனல் இருக்கிறது, மின்வெட்டிலும் எனக்கு வெளிச்சம் வருமா? பெரும்பாலும் வராது. பொது மின்கம்பியில் மின்சாரம் நின்றதும் உங்கள் இன்வேர்ட்டரும் (பனல் தரும் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடும். கம்பியில் ஏறித் திருத்துபவரின் உயிரைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் மின்சாரம் வேண்டுமானால் பற்றரியும், அதற்கேற்ற இன்வேர்ட்டரும் தேவை. பனல் வாங்கும் முன்பே விற்பவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள். பிறகு மாற்றுவது செலவு.

பனல் இல்லாதவர் என்ன செய்யலாம்? மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டில் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். வெயில் போனபின் அந்த இடைவெளியை நிரப்பவே விலை கூடிய எண்ணெய் எரிகிறது. அந்தச் செலவு கடைசியில் உங்கள் மின்கட்டணத்தில்தான் வந்து சேரும். சலவை இயந்திரம், நீர்ப்பம்பி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் பாவனையைப் பகலுக்கு மாற்றுங்கள்.