கரும்பலகையில் இரண்டு கேள்விகள்

'சியாப்பா நாமா காமு? டி மானா அவாக் திங்கால்?' உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய் என்று மலாயில் கேட்கிறது கரும்பலகை. வட்ட மேசையைச் சுற்றிச் சீன இளையர்கள், கூடவே மலாய் ஆசிரியர். ஓவியர் சுவா மியா டீ 1959ல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' இது.

சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த ஆண்டு அது. மலாயாவுடன் ஒரே நாடாக இணைவோம் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. தேர்வுக்காகப் படிப்பவர்களின் முகங்களாக இவை எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டாரின் மொழியைத் தம் மொழியாக்கிக்கொள்ள வந்தவர்கள் போல இருக்கிறார்கள்.

என் அம்மா படத்தைப் பார்த்ததும் மலாயிலேயே பதில் சொன்னார். தேக்கா சந்தையில் மீன் வாங்கிப் பழகிய மலாய்! தினமும் பள்ளியில் 'மாஜூலா சிங்கப்பூரா' பாடும் அண்ணன் மகளோ, "என்ன எழுதியிருக்கு, சித்தப்பா?" என்றாள். இரண்டு தலைமுறைக்குள் நம் வீடுகளில் எதை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

சுவா, 1931ல் சீனாவின் சுவாத்தோவில் பிறந்தவர். போருக்குத் தப்பி 1937ல் குடும்பத்துடன் இங்கு வந்தார். 'எங்கே வசிக்கிறாய்' என்பது அவருக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருந்திருக்காது. 1952ல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படிப்பை முடித்தார். கண்ணால் கண்ட வாழ்க்கையை உள்ளபடி வரைவதே கலை என்று நம்பிய இளம் ஓவியர்களில் அவரும் ஒருவர். ஆனால் நம்பிக்கை சோறு போடவில்லை. புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரைந்துதான் பிழைத்தார். முழுநேர ஓவியரானது 1974ல், 43 வயதில். அதே ஆண்டு வரைந்தது 'உணவகத்தில் தொழிலாளர்கள்'.

பிறகு மாறிக்கொண்டிருந்த சிங்கப்பூர் ஆற்றையும் சைனாடவுன் தெருக்களையும் வரைந்தார். அதிபர்களின் உருவப்படங்களும் உண்டு. அவற்றைவிட அந்தத் தெருக்களே எனக்குப் பிடிக்கும். 2015ல் கலாசாரப் பதக்கம் கிடைத்தபோது அவருக்கு வயது 84.

அதே ஆண்டு தேசியக் கலைக்கூடம் திறந்தபோது, சிங்கப்பூர்க் கலைக்கான கண்காட்சிக்குச் சூட்டிய பெயர் 'சியாப்பா நாமா காமு?' 1959 ஜூன் 5ல் லீ குவான் இயூவின் அமைச்சரவை பதவியேற்ற நகர மண்டபமும் அந்தக் கலைக்கூடத்தின் ஒரு பகுதிதான்.

லிட்டில் இந்தியாவில் ரயிலேறி டோபி காட்டில் மாறினால், அடுத்த நிலையம் சிட்டி ஹால். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் அனுமதி இலவசம். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். மலாய் தெரிந்த ஆள் தேவைப்படும்.