அழித்தால் எங்கும் அழியும்

போனில் இடமில்லை என்று திரை எச்சரித்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பழைய படங்களை வரிசையாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டி அடையாளத்தை அழுத்திவிடுகிறார்கள். ‘எல்லாம் கூகுளில் ஏறியிருக்குமே’ என்கிற தைரியம். ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் கூகுள் போட்டோஸ் செயலிக்குள் இருந்தபடி அழித்தால் அங்கிருந்தும் போய்விடும்; லேப்டாப்பில் திறந்து பார்த்தாலும் இருக்காது. போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கி இடத்தைக் காலி செய்ய அதே செயலியில் வேறொரு வசதி இருக்கிறது, அதைத் தேடிப்போகிறவர்கள் குறைவு. ஐகிளவுட் போட்டோஸை இயக்கி வைத்திருக்கும் ஐபோன்காரருக்கும் இதே கதிதான். இதில் கருவி மீது பழி போட முடியாது, சொன்னதைச் செய்திருக்கிறது. ‘சிங்க்’ என்பதே எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கி வைக்கும் வேலை. வீட்டுப் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறோம். மூலத்தைக் கிழித்தால் ஜெராக்ஸும் பெட்டிக்குள்ளேயே தானாகக் கிழிந்துபோகும் என்றால் அதை ஜெராக்ஸ் என்று யாராவது சொல்வோமா? படங்கள் விஷயத்தில் அப்படிப்பட்ட ஒன்றைத்தான் ‘பேக்கப்’ என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போனையும் கணினியையும் கேபிளால் இணைத்துத் தனி நகல் எடுத்து வைக்கும் பழக்கத்தை நாம் கைவிட்டது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சிங்க் என்ற சொல்லைப் பரவலாக்கிய கருவிகளில் முக்கியமானது 1996இல் வந்த பாம் பைலட். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியை, கணினியோடு இணைந்த ஒரு தாங்கியில் செருகி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் முகவரிகளும் நாட்குறிப்பும் இரு பக்கமும் சமமாகிவிடும். அதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் உண்டு. ஒரு குறிப்பை அழிக்கப்போனால், கணினியில் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தட்டுமா என்று அது கேட்கும். கூடவே டிக் அடிக்க ஒரு கட்டமும் இருக்கும். சிங்க் வேறு, சேமிப்பு வேறு என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஐபாடும் ஐடியூன்ஸும் வந்தன. அங்கே வீட்டுக் கணினிதான் எஜமான், கையில் இருப்பது அதன் நிழல். 2011 ஜூனில் ஐகிளவுடை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், கணினியையும் இனி மற்றக் கருவிகளில் ஒன்றாகத் தரம் இறக்கிவிட்டதாக மேடையிலேயே சொன்னார். மையம் சர்வருக்குப் போனது. கேபிள் சிக்கலும், தினமும் செருகிப் பிடுங்கும் தொல்லையும் ஒழிந்தன, அது பெரிய வசதிதான். ஆனால் யாரும் கேட்காமலேயே வீட்டுக் கணினியில் தங்கிக்கொண்டிருந்த இரண்டாவது பிரதியும் அதோடு ஒழிந்தது.

சர்வரில் இருப்பது தவறாதா என்றால், தவறியிருக்கிறது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற சைட்கிக் போன்களில் இது நடந்தது. அந்தப் போனின் தொடர்பு எண்களும் படங்களும் மைக்ரோசாஃப்டின் துணை நிறுவனமான டேஞ்சரின் சர்வர்களில் இருந்தன. சர்வர் படுத்ததும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த அறிவுரையைப் பாருங்கள்: பேட்டரியைக் கழற்றாதீர்கள், சார்ஜ் தீரவிடாதீர்கள். போனில் அந்த நிமிடம் மிஞ்சியிருந்ததுதான் அவர்களிடம் இருந்த ஒரே பிரதி. பெரும்பகுதியை மீட்டுவிட்டோம் என்று சில நாட்களில் நிறுவனம் அறிவித்தது. அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பது வேறு கதை. பதினான்கு வருடம் கழித்து, 2023 நவம்பரில், கூகுள் டிரைவின் கணினிச் செயலியைப் பயன்படுத்திய சிலருக்குக் கோப்புகள் காணாமல்போயின. அப்போதும் கூகுள் சொன்னது கிட்டத்தட்ட அதேதான்: செயலியில் கணக்கைத் துண்டிக்காதீர்கள், அதன் தரவு ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். இவை விபத்துகள். விதிப்படியே நடப்பதும் உண்டு. இரண்டு வருடம் யாரும் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற கூகுளின் விதி 2023 டிசம்பரில் அமலுக்கு வந்தது. இறந்துபோன அப்பாவின் படங்கள் அவர் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்த ஒரு விதியையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதற்கு எதிராக வலுவான ஒரு பதில் உண்டு: வீட்டு ஹார்ட் டிஸ்க் மட்டும் நிலையானதா? இல்லை. கீழே விழுந்தால் போகும், திருடு போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எத்தனையோ வீடுகளில் தரைத்தளத்தில் இருந்தவை எல்லாம் சேற்றோடு போயின. படங்களை சர்வரில் வைத்திருந்தவர்களுக்கு அவையாவது மிஞ்சின. ஆகவே கிளவுடை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு வேறு என்பதுதான் விஷயம். ஹார்ட் டிஸ்க் தண்ணீருக்கும் தூசுக்கும் பலியாகும். சிங்க் விரல் ஒருமுறை தவறிப் பட்டதற்கே பலியாகும், பாஸ்வேர்ட் திருடியவனுக்குப் பலியாகும். ஒன்றை அழிப்பது மற்றதைத் தொடாது. அலமாரியில் கேபிளைக் கழற்றி வைத்த டிஸ்க்குக்கு, போனில் நீங்கள் எதை அழித்தீர்கள் என்பது தெரியவே தெரியாது. அதன் பெருமையே அந்த அறியாமைதான்.

குப்பைத்தொட்டியில் இருந்து மீட்டுக்கொள்ளலாமே என்பது இன்னொரு பதில். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள் அவகாசம், ஐபோனில் 30 நாள். தவறு உடனே தெரிந்தால் போதுமான அவகாசம். குடும்பப் படங்களை நாம் அப்படித் தேடுவதில்லை. காதுகுத்துப் படம் அடுத்த பத்திரிகை அடிக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

மூன்றாவது ஆட்சேபத்தை மறுக்க முடியாது: கேபிள் வழி உண்மையிலேயே எரிச்சலானது. செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும். கணினிக்குப் போன் இருப்பதே தெரியாது. பல சமயம் குற்றவாளி கேபிள்தான். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக்கு இரண்டு கம்பி ஓடும். மலிவான சார்ஜிங் கேபிள்களில் பின்னதை விட்டுவிடுவார்கள். கேபிள் சரியாக இருந்தாலும், ஆண்ட்ராய்டில் திரையை மேலிருந்து இழுத்து, சார்ஜிங் என்று இருப்பதைக் கோப்புப் பரிமாற்றத்துக்கு மாற்ற வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த பூட்டு அது. பேருந்து நிலையத்தில் கண்ட இடத்தில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு அது தேவை. பிறகு வருவது வேகக் குறைவு. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் தம் சேமிப்பைப் பென் டிரைவ் போல மொத்தமாகக் கணினியிடம் ஒப்படைத்துவிடும், அந்த நேரத்தில் போனால் அதைத் தொட முடியாது. இரண்டு பேர் ஒரே நோட்டில் ஒரே சமயம் எழுதினால் நோட்டு கெடும் என்பதால், 2011வாக்கில் எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் கணினி ஒவ்வொரு கோப்பையும் போனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காரணம் நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அதை யாரும் ஒழுங்காகச் செப்பனிடவில்லை. மாதச் சந்தா வசூலிக்க முடியாத பாதை என்பதால்தான் என்று நினைக்கிறேன். அப்படியும் கணக்குப் போட்டால் கேபிள் தோற்காது. 20 ஜிபி படங்களைப் பழைய யுஎஸ்பி 2 கேபிளில் நொடிக்கு 30 எம்பி வீதம் இறக்கினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சிறு கோப்புகள் அதிகமென்றால் அரைமணி என்று வையுங்கள். 10 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள இணைப்பில் அதே 20 ஜிபி மேலே ஏற நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக் கணினியில் இறக்கிக்கொள்வதை நகல் என்று கருதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது, சட்டம் போடப் பெரிதாக்கினால் தெரியும். டாக்குமெண்டாக இணைத்தால்தான் அசல் போகும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆண்ட்ராய்டு போனின் சேமிப்புக்குள் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கேமரா என்று இன்னொன்று இருக்கும். நீங்கள் எடுத்த படங்கள் அங்கேதான். கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். பாதியில் கேபிள் ஆடினாலும் மூலம் போனிலேயே இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுக்காமல் சில நூறு படங்களாக எடுங்கள். இறக்கி முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியில் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு போனில் எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளுங்கள்.